பழைய வண்டியும் பாலைவெளியும்



நம் நாட்டு உழவர் வீட்டு மாட்டுவண்டி இரண்டு வகை வாழ்க்கை வாழ்ந்தது. வேலை நாட்களில் அது எருவையும் நெல் மூட்டையையும் சுமந்தது. திருவிழாக் காலம் வந்துவிட்டால் அதே வண்டியின்மேல் மூங்கிற் கூண்டு ஏறும்; உள்ளே வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரிப்பார்கள்; அச்சுக்குக் கீழே அரிக்கன் விளக்குத் தொங்கும். குடும்பம் முழுவதும் அதில் ஏறிச் சென்று, வழியில் ஆற்றங்கரையில் சமைத்து உண்டு, இரவு தங்கி, மறுநாள் ஊர் போய்ச் சேரும். திருவிழா முடிந்ததும் கூண்டைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிடுவார்கள். கூண்டோடு எரு அடிக்க எந்த உழவரும் புறப்படுவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் சாரம் இந்தச் சிறிய செய்தியில் அடங்கியிருக்கிறது. அன்றாடப் பயணத்துக்கும், ஊரும் உறவும் இல்லாத வெளியிலே சென்று தங்குவதற்கும் ஒரே மோட்டார் வண்டியை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே அந்தப் பொருள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் மனிதர் குடியிராத நிலம் ஏராளம். நில நிர்வாகத்துக்கென அமைந்த ஒரே மத்திய அரசுத் துறையின் பொறுப்பில் மட்டும் ஏறத்தாழ 24 கோடியே 50 லட்சம் ஏக்கர் இருக்கிறது. பாலை, மேய்ச்சல் வெளி, மலைச்சரிவு, ஆழ்ந்த பள்ளத்தாக்கு எல்லாம் அதில் அடங்கும். அதன் பெரும்பகுதியில் எவரும் கூடாரமடித்து, ஓரிடத்தில் பொதுவாக 14 நாட்கள் வரை தங்கலாம். அங்கே விடுதி இல்லை, குழாய் இல்லை, பல இடங்களில் தொலைபேசித் தொடர்பும் இல்லை. அத்தகைய இடங்களுக்குச் செல்லத் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதும், நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தவல்லதுமான வண்டி வேண்டும். புதிதாக வாங்கினால் விலை மிக அதிகம். ஆகவே, நடுத்தர வருவாயுள்ளவர்கள் பழைய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கி, வாரநாட்களில் அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் ஓட்டி, விடுமுறை நாட்களில் அதையே வீடாக்கிக் கொள்கிறார்கள்.

கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் நான் பணிபுரிந்த ஆண்டுகளில் அவ்வாறே ஒரு வண்டியை வாங்கினேன். அது டொயோட்டா நிறுவனம் 1984 முதல் விற்றுவரும் ஃபோர்ரன்னர் என்னும் வகையைச் சேர்ந்தது. 2014ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. என் கைக்கு வந்தபோது 1,20,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,93,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின். ஏணி போன்ற எஃகுச் சட்டத்தின்மேல் அமைந்த உடல். கரடுமுரடான ஏற்றங்களில் சக்கரத்தின் திருப்புவிசையைச் சுமார் இரண்டரை மடங்கு பெருக்கித் தரும் தாழ்நிலைப் பல்லிணை. வெறும் வண்டியின் எடை ஏறத்தாழ 2,100 கிலோகிராம்.

பழைய வண்டி வாங்கியவர்களின் மனம் உடனே கடையை நோக்கி ஓடும். எஃகுக் காப்புச்சட்டம், மேற்கூரைக் கூடாரம், கண்ணைப் பறிக்கும் விளக்குகள் என்று கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆயினும் முதற்பணம் செல்ல வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாத பாகங்களே. ரப்பர் குழாய்கள், பெல்ட், சக்கரங்களைத் தாங்கும் பந்துமூட்டுகள், ரேடியேட்டர் நீர், பிரேக் எண்ணெய் ஆகியவை ஓட்டத்தால் மட்டுமன்றி வயதாலும் கெடுகின்றன. பனிக்காலத்தில் சாலைக்கு உப்பிடும் மாநிலங்களில் ஓடிய வண்டியாயின், அடியில் படுத்துப் பார்த்து, எஃகுச் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிச் சோதிக்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நலம். பொத்தென்று ஒலித்துச் செதில் உதிர்ந்தால் அந்த வண்டியை வணங்கிவிட்டு வந்துவிடலாம்.

பிரேக் எண்ணெயைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுகிறேன். டென்வருக்கு மேற்கே மலைமேல் உள்ள ஐசனோவர் சுரங்கப்பாதை கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டென்வர் 1,600 மீட்டர். முழுச் சுமையுடன் 2,600 கிலோகிராம் எடையுள்ள வண்டி இந்த 1,800 மீட்டரையும் இறங்குகையில் இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ நாலரைக் கோடி ஜூல். நூற்று நாற்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் எஞ்சினும் தாங்கிக்கொள்வது போக, எஞ்சியதெல்லாம் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. மூன்றாம் தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாதிருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதிக்கும் மிதி தரையைத் தொடும், சக்கரம் நில்லாது. ஆகவே எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினின் தடையைப் பயன்படுத்தி இறங்குவதும் உயிர் காக்கும் பழக்கங்கள்.

இனி, சுமைக்கு வருவோம். அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு காரிலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பதைக் காணலாம். இவ்வண்டியில் ஏறும் மனிதர்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று அதில் அச்சிட்டிருக்கும். என் வண்டியின் சீட்டு 525 என்று கூறிற்று. வண்டியின் அச்சையும் அதன்மேல் ஏற்றும் பண்டத்தின் அளவையும் பற்றி வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறும் உவமை நீங்கள் பள்ளியில் பயின்றதே. அந்த அறிவுரையை எண்ணாக மாற்றி ஒட்டியிருக்கும் சீட்டு இது.

கடையில் பரிந்துரைக்கும் பொருள்களை ஒரு தாளில் எழுதி, எடையைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மனிதர் 150 கிலோகிராம். மேற்கூரைக் கூடாரம் 65. முன்புற எஃகுக் காப்புச்சட்டம் 70. கம்பிவடம் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் 38. பக்கக் காப்புக் குழாய்கள் 50. பின்புறத்து இழுப்பறைகள் 70. உணவுடன் கூடிய குளிர்ப்பெட்டி 35. இரண்டாவது ஈயப் பாட்டரி 25. தண்ணீர் 40. பெட்ரோல் டின் 19. கருவிகள் 15. சமையற் பாத்திரமும் உணவும் 25. கூட்டுத்தொகை 602! மாற்றுடையும் போர்வையும் எடுத்துவைப்பதற்கு முன்பே, அனுமதிக்கப்பட்ட அளவைவிட 77 கிலோகிராம் மிஞ்சிவிட்டது. வலுவான ஸ்பிரிங் போட்டுவிட்டால் கவலையில்லை என்று சிலர் கூறுவர். ஸ்பிரிங் வண்டியின் பின்புறத்தை உயர்த்தி நிறுத்துமேயன்றி, பிரேக்கையோ அச்சையோ டயரையோ பெரிதாக்குவதில்லை. சீட்டில் உள்ள எண்ணை ஸ்பிரிங் மாற்ற முடியாது.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் பார்த்து மூன்று வினாக்கள் கேட்டேன். இது இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து உண்டா? இதே வேலையை இலேசான வேறொன்று செய்யுமா? திங்கட்கிழமை காலையில் இதைக் கழற்றி வைக்க முடியுமா?

மேற்கூரைக் கூடாரம் இந்த வினாக்களுக்கு முன் நிற்கவில்லை. எடை உயரே ஏறினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். வளைவிலும் சரிவிலும் கவிழும் அபாயம் கூடும். நெடுஞ்சாலையில் காற்றின் தடை மிகுந்து பெட்ரோல் வீணாகும். என் வண்டியின் உயரம் 1.82 மீட்டர், மடித்த கூடாரம் மேலும் 30 சென்டிமீட்டர் சேர்ந்தால் நகரத்துக் கட்டடங்களின் அடித்தளத்து நிறுத்துமிடங்கள் பலவற்றில் நுழையவும் இயலாது. அதற்குப் பதிலாகப் பின்னிருக்கைகளை மடக்கி, ஒட்டுப்பலகையால் 25 கிலோகிராம் எடையில் ஒரு மேடை செய்தேன். மேலே படுக்கை; கீழே பெட்டிகள். இருக்கைக்கும் தரைக்கும் நிறுவனத்தார் இட்ட துளைகளிலேயே திருகாணி கொண்டு மேடையை முடுக்கினேன். கட்டப்படாத பெட்டி, வண்டி மோதும் கணத்தில், ஓடிய வேகத்துடனேயே முன்னிருப்போர் தலையை நோக்கிப் பாயும். பள்ளியில் படிக்கும் நியூட்டனின் முதல் விதி அங்கே தேர்வு வினாவாக வருவதில்லை.

குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் சிறு குளிர்ப்பெட்டி, ஓடும்போது சுமார் நான்கு ஆம்பியர் இழுக்கும். ஆனால் மணிக்கு இருபது நிமிடமே ஓடும். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 32 ஆம்பியர்மணி என்று கணக்கிடலாம். எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியிலிருந்து இதை எடுத்தால் காலையில் வண்டி கிளம்பாது. நூறு ஆம்பியர்மணி ஈயப் பாட்டரியில் பாதியளவே எடுத்தால்தான் அது நெடுநாள் உழைக்கும். அதே அளவு லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரியோ பெரும்பகுதியைத் தரும். எடையும் 12 கிலோகிராம் அளவே. ஆயினும் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதற்கு மின்னேற்றம் செய்யலாகாது. எந்தப் பாட்டரியாயினும் அதன் நேர்முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். கம்பியின் உறை தேய்ந்து எஃகைத் தொட்டால், தீக்கும் உங்களுக்கும் இடையே நிற்பது அந்தச் சிறு துண்டு ஒன்றே.

டயரில் சிக்கனம் கூடாது. அதன் பக்கத்தில் பொறித்துள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதியைக் கூறும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் டயரும் முதியதாக இருக்கக்கூடும். சேற்றுக்கென்றே செய்த முரட்டு டயர் நகரச் சாலையில் இரைச்சலிடும். ஈரச் சாலையில் நிறுத்தத் தொலைவும் கூடும். மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்த, எல்லாத் தரைக்கும் உரிய டயரையே நான் தேர்ந்தேன். வாரத்தில் ஐந்து நாட்கள் அது ஓடவேண்டியது தார்ச்சாலையில் அல்லவா? கரடுமுரடான பாதையில் காற்றை 32 பவுண்டிலிருந்து 20க்குக் குறைத்தால், டயர் தரையில் படியும் பரப்பு நீளும், பிடிப்பு மிகும், கல்லின் அதிர்ச்சியும் குறையும். ஆனால் நெடுஞ்சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றடிக்க வேண்டும். இல்லையேல் டயர் சூடேறி வெடிக்கும். எனவே சிறு காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் வண்டியில் இருந்தது.

இந்த ஏற்பாட்டைச் சோதிக்கத் தக்க இடம் டென்வருக்கு மேற்கே சுமார் 570 கிலோமீட்டர் தொலைவில், யூட்டா மாநிலத்து மோவாப் நகரின் அருகே உள்ளது. 1964இல் நிறுவப்பட்ட கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒயிட் ரிம் என்னும் 160 கிலோமீட்டர் வண்டிப்பாதை பள்ளத்தாக்கின் விளிம்பைச் சுற்றிச் செல்கிறது. 1950களில் யுரேனியம் தேடுவோருக்காக அமைந்த பாதை அது. முன் அனுமதி பெற வேண்டும், குறித்த இடங்களில் மட்டுமே தங்கலாம், நெருப்பு மூட்டலாகாது, மலம் கழிக்கும் பெட்டியைக் கூடவே கொண்டுசென்று திரும்பக் கொணர வேண்டும். வழி நெடுகக் குடிநீர் கிடையாது. வண்டி பழுதுபட்டால் இழுத்து வரும் கூலி 1,000 டாலருக்கு மேற்படும்.

நானும் நண்பர் ஒருவரும் மூன்று நாள் பயணமாக அங்கே சென்றோம். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பூங்காவினரின் அறிவுரை. இருவருக்கு மூன்று நாட்களுக்கு 24 லிட்டர். சமையலுக்கும், ஒருநாள் தடைப்பட்டால் தாங்குவதற்கும் சேர்த்து 40 லிட்டர் ஏற்றினோம். பெட்ரோல் டின்னை ஏற்றவில்லை. இவ்வண்டியின் தொட்டி 87 லிட்டர் கொள்ளும். நல்ல சாலையில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும். பாதையில் அது பாதியாகக் குறைந்தாலும் 300 கிலோமீட்டர் போகலாம். மோவாபில் நிரப்பிக்கொண்டு சென்று மீள்வதற்கு அது போதுமானது. புறப்படுமுன், லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். நாங்கள் இருவர் உட்பட ஏற்றியிருந்த சுமை 353 கிலோகிராம். ஏறத்தாழ 170 கிலோகிராம் இன்னும் எஞ்சியிருந்தது. பாறைப் படிகளில் வண்டி ஏறி இறங்கியபோது ஸ்பிரிங்குகள் அடிதட்டாமல் மூச்சுவிட்டு இயங்கியதற்கு அந்த எச்சமே காரணம்.

இத்தகைய பயணங்களில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் எளிய செயல்களே. அவற்றில் மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, கதவடைத்த வண்டிக்குள் அடுப்பு மூட்டுவதும், பனி மூடிய இடத்தில் சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதும். புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, உறங்கியவர் விழிப்பதில்லை. சாளரத்தைச் சிறிது திறந்து வைத்து, கனத்த போர்வையை நம்புவதே அறிவு. இரண்டாவது, மணலில் புதைந்த வண்டியை இழுக்கும்போது கயிற்றை, பின்வண்டி பூட்டும் இரும்புக் குண்டில் மாட்டுவது. அக்குண்டு முறிந்தால் பீரங்கிக் குண்டாகவே பாய்கிறது. அவ்வாறு மனிதர் இறந்திருக்கிறார்கள். இழுப்பதற்கென்றே சட்டத்தில் பொருத்திய வளையத்தில்தான் மாட்ட வேண்டும். மண்வெட்டியும், சக்கரத்தடியில் இடும் பலகை இரண்டும் இருந்தால், பெரும்பாலும் இழுக்கவே வேண்டியிராது. மூன்றாவது, எவருக்கும் சொல்லாமல் புறப்படுவது. செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டிக்குச் சக்தி இருக்கிறது என்பதற்காகப் பாதையை விட்டு இறங்கலாகாது. யூட்டாப் பாலையின் மண்மேல் கருநிறமான மேடு பள்ளமுள்ள ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். அது நுண்ணுயிர்களும் பாசியும் கற்பாசியும் பின்னிய உயிருள்ள தோல். காற்றும் மழையும் மண்ணை அரிக்காமல் காப்பது அதுவே. ஒரு சக்கரத்தடம் அழித்ததை மீட்க இயற்கைக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்நிலம் அனைவருக்கும் பொது என்பது, பின்னால் வருவோருக்கும் அது உரியது என்பதையும் சேர்த்தே குறிக்கும்.

நம் நாட்டில் இவ்வாறு வண்டியை மாற்ற எண்ணும் இளைஞர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. முன்புற எஃகுக் காப்புச்சட்டம் பாதசாரிகளுக்கு ஆபத்தானது என்பதால் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. காடுகளில் தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். கழற்றி வைக்கத்தக்க மேடையும் பெட்டியும் இங்கும் தாராளமாகப் பயன்படும்.

ஒயிட் ரிம்மிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மாலையில் மேடையையும் பாட்டரியையும் பெட்டிகளையும் கழற்ற எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. திங்கட்கிழமை காலையில் அவ்வண்டி மற்ற வண்டிகளைப் போலவே அலுவலகத்துக்குச் சென்று, அடித்தளத்து நிறுத்துமிடத்தில் தலை இடிக்காமல் நின்றது. காற்றுப் பம்பும், நல்ல டயர்களும், புதிய பிரேக் எண்ணெயும் மட்டுமே பாலையின் நினைவாக அதில் எஞ்சியிருந்தன. ஆண்டில் முந்நூறு நாட்களுக்கு மேல் ஒரு வண்டி செய்வது அந்த எளிய வேலையைத்தான். அதற்குக் கெடுதல் செய்யாத ஏற்பாடே முகாமுக்கும் நல்ல ஏற்பாடு. பொருள் வாங்கும் கை நீளுமுன் சீட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள், கூட்டிப் பாருங்கள், எடைமேடையில் நிறுத்திச் சரிபாருங்கள். அதன்பின் எந்தப் பாதைக்கும் அச்சமின்றிப் புறப்படலாம்.